தேய்மானத்துக்கு இரண்டு மில்லிமீட்டர்

ஊட்டி ரயில் நிலையம் கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் நிலையம் சுமார் 325 மீட்டரில். குடும்பம், மூட்டை முடிச்சு எல்லாம் சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள ஒரு கார் ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கி வரும்போது, கிட்டத்தட்ட 27 மெகாஜூல் ஆற்றலை வழியில் எங்காவது கொட்டியாக வேண்டும். 90 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான ஆற்றல் அது. மலை ஏறும்போது பெட்ரோல் எரித்துச் சம்பாதித்த உயரம் இது. இறங்கும்போது அதில் ஒரு சொட்டு பெட்ரோல்கூட டேங்குக்குத் திரும்புவதில்லை. முழுவதும் வெப்பமாகத்தான் போகிறது.

அந்த வெப்பம் போவதற்கு மூன்று வழிகள் உண்டு. சுமார் ஐம்பது கிலோமீட்டர் பாதையில் டயர்கள் உருள்வதற்கே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு செலவாகிவிடும். மீதியை இன்ஜினும் பிரேக்கும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். யாருக்கு எவ்வளவு என்பதை ஓட்டுநரின் இடது கை தீர்மானிக்கிறது. இரண்டாம் கியரில் இறங்கினால் பெரும்பங்கை இன்ஜின் எடுத்துக்கொண்டு, ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெளியே விட்டுவிடும். பெட்ரோல் மிச்சம் என்று நினைத்து நியூட்ரலில் இறங்குபவர் மொத்தப் பாரத்தையும் பிரேக்கின் தலையில் கட்டுகிறார். பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் தாழும் சரிவில், மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் அதே காரைப் பிரேக்கால் மட்டும் பிடித்துவைத்தால், சக்கரங்களில் இடைவிடாமல் 11 கிலோவாட் வெப்பம் பிறக்கும். குளியலறை கீசர் ஐந்தை ஒரே நேரத்தில் போட்டதற்குச் சமம். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் இத்தனை வண்டிகள் பிரேக் பிடிக்காமல் போனதற்குக் காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை.

இந்த வெப்பம் முதலில் போய்ச் சேரும் இடம்தான் பிரேக் டிஸ்க். சக்கரத்தோடு சேர்ந்து சுழல்வதால் ரோட்டார் என்றும் சொல்வார்கள். அலாய் வீலின் இடைவெளிகளுக்குள் பளபளவென்று தெரியும் அந்த வட்டத் தட்டைக் காரை நிறுத்தும் உறுப்பு என்றுதான் பலரும் நினைக்கிறோம். நிறுத்துவது உராய்வு, அதைத் தருவது டிஸ்கும் அதை இரு பக்கமும் கவ்வும் பேடும் சேர்ந்து. டிஸ்குக்கென்று தனியாக உள்ள வேலை வெப்பத்தை வாங்கிச் சேமித்து, பிறகு காற்றிடம் கொடுப்பது. இதை மனதில் வைத்துக்கொண்டால், டிஸ்கை எப்போது மாற்ற வேண்டும், ஏன் மாற்ற வேண்டும் என்ற கேள்விகளில் பாதிக்குப் பதில் தானாகவே கிடைத்துவிடும்.

அதே 1,500 கிலோ கார் நெடுஞ்சாலையில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போகிறது. குறுக்கே மாடு வந்து சட்டென்று பிரேக் அடிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கணத்தில் காரின் இயக்க ஆற்றல் சுமார் 580 கிலோஜூல். பிரேக் அடிக்கும்போது எடை முன்பக்கம் சாய்வதால், நான்கில் மூன்று பங்கு வேலை முன் சக்கரங்களுக்கே வருகிறது. நம் ஊர்ச் சிறு கார்களில் முன்னால் டிஸ்கும் பின்னால் டிரம்மும் இருப்பது இதனால்தான். ஒரு முன் டிஸ்கின் உராயும் வளையம் ஐந்து கிலோ என்று கொண்டால், அந்த ஒரே பிரேக்கில் அதன் வெப்பநிலை 80 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். நான்கு விநாடிக்குள் காற்றால் எதையும் குளிர்விக்க முடியாது. அந்த நேரத்தில் வெப்பத்தைத் தாங்கிக்கொள்ள டிஸ்கில் உள்ள இரும்பின் எடை ஒன்றுதான் கைகொடுக்கும். தோசைக்கல்லில் உள்ள அதே கணக்குத்தான் இது: கனமான கல் மெதுவாகச் சூடாகும், மெல்லிய கல் சட்டென்று காய்ந்து தோசையைக் கருக்கும்.

ஏறக்குறைய எல்லாக் கார் டிஸ்குகளும் சாம்பல் வார்ப்பிரும்பில் செய்யப்படுகின்றன. எஃகு இதைவிட உறுதியானது, அலுமினியம் எடை குறைந்தது. இருந்தும் பல நூற்றாண்டு பழைய இந்த உலோகத்தை ஏன் விடவில்லை? வார்ப்பிரும்பில் மூன்றரை சதவீத அளவுக்குக் கார்பன் இருக்கிறது. வார்த்து ஆறும்போது அதில் பெரும்பகுதி இரும்போடு சேராமல், பென்சிலில் உள்ளதே போன்ற கிராஃபைட் செதில்களாக உலோகத்துக்குள் பிரிந்து படிகிறது. இந்தச் செதில்கள் வெப்பத்தை வேகமாகக் கடத்துகின்றன, அதிர்வை விழுங்கிச் சத்தத்தைக் குறைக்கின்றன. அச்சில் ஊற்றி எடுப்பதும் லேத்தில் கடைவதும் சுலபம், விலையும் மலிவு. கோயம்புத்தூர் ஃபவுண்டரிகளில் பம்புக் கூடுகளாக வார்க்கப்படுவதும் இதே இரும்புக் குடும்பம்தான். 1962இல் சென்னை பாடியில் தொடங்கப்பட்ட பிரேக்ஸ் இந்தியா நிறுவனத்துக்குச் சோளிங்கரில் சொந்தமாக வார்ப்பாலை உண்டு. பேடும் லைனிங்கும் செய்த ரானே பிரேக் லைனிங் 1964இல் சென்னையில் தொடங்கப்பட்டது. பிரேக் தொழில் நமக்கு அந்நியமானது அல்ல.

அலுமினியத்தின் கதை எளிது. சுமார் 660 டிகிரியில் அது உருகிவிடும், அதற்கு வெகுமுன்பே வலுவிழக்கும். கடுமையான பயன்பாட்டில் டிஸ்கின் மேற்பரப்பு 500 டிகிரியைத் தொடுவது உண்டு. பைக்குகளில் இருப்பதோ துருப்பிடிக்காத எஃகில் செய்த, நான்கு மி.மீ. அளவே உள்ள மெல்லிய தட்டு. வண்டியின் எடை குறைவு, டிஸ்க் வெளிக்காற்றில் திறந்திருக்கிறது, மழையில் அசிங்கமாகத் துருப்பிடித்துத் தெரியவும் கூடாது. அங்கே நியாயம் வேறு.

டிஸ்க் பிரேக் பழைய யோசனை. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் கார் செய்துகொண்டிருந்த ஃபிரெடரிக் லான்செஸ்டர் 1902இலேயே அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். உலோகத்தை உலோகம் கவ்வும் அமைப்பு அது. காது கிழியும் சத்தம் போட்டது. அன்றைய மண் சாலைப் புழுதியும் அதற்கு எமனாக இருந்தது. உலகம் அரை நூற்றாண்டு டிரம் பிரேக்கிலேயே காலம் தள்ளியது. 1953இல் பிரான்சின் லே மான் 24 மணிநேரப் பந்தயத்தில், டன்லப் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் சி-டைப் கார் மணிக்குச் சராசரியாக 170 கி.மீ. வேகத்தில் ஓடி வென்றபோதுதான் கார் உலகம் திரும்பிப் பார்த்தது. மற்றவர்கள் தங்கள் டிரம்கள் சூடேறிப் பிடிமானம் இழக்கும் என்று அஞ்சி முன்கூட்டியே வேகத்தைக் குறைத்தார்கள். ஜாகுவார் ஓட்டுநர்கள் டோனி ரோல்ட்டும் டங்கன் ஹாமில்டனும் வளைவுக்கு வெகு அருகே வந்து பிரேக் அடித்தார்கள். இரண்டே ஆண்டில், 1955இல், சிட்ரோயன் டி.எஸ். காரின் முன் சக்கரங்களுக்கு டிஸ்க் வந்துவிட்டது.

இனி தேய்மானத்துக்கு வருவோம். பேட் தேயும் என்பது கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். டிஸ்கும் தேயும் என்பதை முதல் முறை பில் வரும்போதுதான் பலரும் அறிகிறார்கள். புதிதாக இருக்கும்போது 22 மி.மீ. தடிமனுள்ள ஒரு முன் டிஸ்கை எடுத்துக்கொண்டால், 20 மி.மீ. வந்ததும் அதைக் கழித்துவிட வேண்டும் என்று தயாரிப்பாளர் சொல்லியிருப்பார். இரண்டு பக்கமும் சேர்த்து, அதன் வாழ்நாள் முழுவதற்கும் தேய்வதற்கென்று ஒதுக்கப்பட்டது இரண்டே மில்லிமீட்டர். கேட்க அற்பமாக இருக்கிறது. 26 செ.மீ. விட்டமுள்ள டிஸ்கில் பேட் உரசும் வளையத்தின் பரப்பைக் கணக்குப் போட்டு, இரும்பின் அடர்த்தியால் பெருக்கினால், அந்த இரண்டு மில்லிமீட்டரின் எடை கிட்டத்தட்ட அரைக் கிலோ வருகிறது. முன் ஜோடி இரண்டும் சேர்ந்து ஒரு கிலோ இரும்பைத் தூளாக்கிச் சாலையிலும் காற்றிலும் விட்டுவிட்டுத்தான் ஓய்வு பெறுகின்றன. அலாய் வீலில் அப்பும் கருந்தூள் பேடிலிருந்து மட்டும் வருவதல்ல.

குறைந்தபட்சத் தடிமன் எத்தனை என்பது டிஸ்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் அதன் வெளி விளிம்பிலோ, சக்கரத்தின் மையமான ஹப்பில் உட்காரும் நடுத் தொப்பிப் பகுதியிலோ ஆங்கில எழுத்துச் சுருக்கத்தோடு மி.மீ. கணக்கில் இருக்கும். துரு மூடியிருந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பார்க்க வேண்டும். எல்லாக் கார்களுக்கும் பொதுவான எண் என்று எதுவும் கிடையாது; ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்கு இடையிலேயே வேறுபடும். இத்தனை ஆயிரம் கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் அதை நம்ப வேண்டாம். அண்ணா சாலை நெரிசலில் தினமும் நின்று நின்று போகும் ஆட்டோமேட்டிக் காரும், திருச்சி நெடுஞ்சாலையில் மட்டும் ஓடும் காரும் ஒரே தூரம் ஓடியிருந்தாலும் அவற்றின் டிஸ்குகள் வேறு வேறு வயதில் இருக்கும். இரண்டு மூன்று செட் பேடுகளுக்கு ஒரு டிஸ்க் என்பது பட்டறைகளில் புழங்கும் தோராயக் கணக்கு. அது தோராயம் மட்டுமே.

சரி, 20 என்று எழுதியிருந்தால் 19இல் என்ன ஆகிவிடும்? அன்று மாலையே டிஸ்க் உடைந்துவிடாது. பயமுறுத்தி விற்பவர்கள் சொல்வது போல அது கண்ணாடி அல்ல. ஆனால் மூன்று விஷயங்கள் சேர்ந்து கெடத் தொடங்குகின்றன. முதலாவது, மேலே சொன்ன வெப்பச் சேமிப்பு. முன் டிஸ்குகள் பெரும்பாலும் இரட்டைச் சுவர் கொண்டவை. இரண்டு வளையங்களுக்கு நடுவே காற்று ஓட வழி விட்டிருப்பார்கள். அதனால் 22 மி.மீ. என்பது முழுக்க இரும்பு இல்லை. ஒரு சுவர் ஏழு மி.மீ. என்றால், அது ஆறாகும்போது உராயும் சுவரில் ஏழில் ஒரு பங்கு போய்விடுகிறது. அதே பிரேக்குக்கு அது அதிகமாகச் சூடேறும். நகரத்தில் இது தெரியவே தெரியாது. குன்னூர் இறக்கத்தில் தெரியும். இரண்டாவது, மெலிந்த சுவர் சூடாகி, ஆறி, மீண்டும் சூடாகும்போது விரிசல் விடுவது எளிது. மூன்றாவதை அதிகம் பேர் யோசிப்பதில்லை. பேடுகளை டிஸ்கின் மீது அழுத்தும் காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டன், பேட் தேயத் தேய வெளியே வந்துகொண்டே இருக்கும். டிஸ்கும் மெலிந்து, பேடும் கடைசி நிலைக்கு வந்துவிட்டால், பிஸ்டன் தன் சிலிண்டரை விட்டு அளவுக்கு மீறி வெளியே நீட்டிக்கொள்ளும். அங்கே சாய்ந்து சிக்கிக்கொள்ளலாம், சீலைத் தாண்டி ஆயில் கசியலாம். எல்லை எண்ணை முடிவு செய்யும் பொறியாளர் தேய்ந்த டிஸ்கையும் தேய்ந்த பேடையும் சேர்த்தேதான் நினைக்கிறார்.

அளப்பதற்கு மைக்ரோமீட்டர் வேண்டும். வெர்னியர் காலிப்பரை விளிம்பில் வைத்துப் படிப்பது இந்த வேலையில் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. பேட் தொடாத வெளி ஓரம் தேயாமல், துருவும் சேர்ந்து ஒரு வரம்பு போல உயர்ந்து நிற்கும். வெர்னியரின் தாடை அந்த வரம்பின் மீது உட்கார்ந்துகொண்டு, தேய்ந்த டிஸ்கைப் புதிது என்று காட்டும். விளிம்பிலிருந்து ஒரு செ.மீ. உள்ளே, வட்டத்தைச் சுற்றி எட்டு இடங்களில் அளந்து, அதில் ஆகக் குறைந்த எண்ணையே எடுத்துக்கொள்ள வேண்டும். டிஸ்கில் பள்ளக் கோடுகள் விழுந்திருந்தால் பள்ளத்தின் அடிவரை கணக்கு. கோடு இருப்பதாலேயே டிஸ்க் வீண் என்று சொல்லிவிட முடியாது. விரலை ஓட்டிப் பார்த்து முகம் சுளிப்பது சோதனை ஆகாது.

இந்த எட்டு அளவுகளும் இன்னொன்றைச் சொல்கின்றன. அவற்றுக்குள் இருக்கும் வேறுபாடு எவ்வளவு என்பதை. டிஸ்க் மாற்றும் தொழிலில் நடக்கும் பெரும்பாலான குழப்பமும் வீண் செலவும் இந்த இடத்தில்தான் இருக்கின்றன.

மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் மெதுவாகப் பிரேக்கை அழுத்துகிறீர்கள். ஸ்டீயரிங் கையில் நடுங்குகிறது. பெடலும் காலடியில் லேசாகத் துடிக்கிறது. மெக்கானிக்கிடம் சொன்னால் ஒரே பதில்: "டிஸ்க் கோணிப்போச்சு சார், மாத்திடலாம்." அதிகமாகச் சூடாகி, அப்பளம் போல வளைந்துவிட்டது என்பது பொதுவான நம்பிக்கை. மாற்றினால் நடுக்கமும் போய்விடுகிறது. எனவே நம்பிக்கை உறுதியாகிறது. சில மாதம் கழித்து, சில ஆயிரம் கிலோமீட்டரில், அதே நடுக்கம் திரும்பி வருகிறது. இப்போது குற்றம் டிஸ்கின் தரத்தின் மீது விழுகிறது.

உண்மையில் டிஸ்க் வளைவது அரிது. அமெரிக்கப் பந்தயக் கார்ப் பொறியாளர் கேரல் ஸ்மித் இந்த வளைந்த டிஸ்க் கதையை ஒரு கட்டுக்கதை என்றே எழுதினார். நடுக்கத்துக்குக் காரணம், டிஸ்கின் தடிமன் சுற்றிலும் ஒரே அளவாக இல்லாமல் போவது. அந்த வேறுபாடு நூறில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இருந்தாலே போதும். தலைமுடியின் தடிமனில் கால் பங்கு அது. தடித்த இடம் பேடுகளுக்கு நடுவே வரும்போது அவற்றைச் சற்றே விலக்கித் தள்ளுகிறது, பிரேக் ஆயிலின் அழுத்தம் ஏறுகிறது, பிடி இறுகுகிறது. மெலிந்த இடம் வரும்போது தளர்கிறது. 80 கி.மீ. வேகத்தில் சிறு காரின் சக்கரம் விநாடிக்கு ஏறக்குறைய 12 முறை சுற்றும். விநாடிக்கு 12 முறை இறுகித் தளரும் பிடியைத்தான் கை நடுக்கமாக உணர்கிறது.

அந்த வேறுபாடு எப்படி வந்தது என்பதுதான் சுவாரசியமானது. டிஸ்க் ஹப்பின் மீது உட்காரும் முகத்தில் ஒரு செதில் துரு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அல்லது வீல் போல்ட்டுகளை ஒழுங்கான வரிசையில், சமமான இறுக்கத்தில் பூட்டவில்லை. டிஸ்க் சற்றே சாய்ந்து உட்கார்கிறது. சுழலும்போது அதன் ஓரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஆடுகிறது. இந்த ஆட்டத்துக்குப் பல தயாரிப்பாளர்கள் வைக்கும் எல்லை 0.05 மி.மீ. அளவில்தான் இருக்கும். அதைத் தாண்டினாலும் முதல் நாள் ஒன்றும் தெரியாது; காலிப்பர் டிஸ்கோடு சேர்ந்து நகர்ந்து சமாளித்துக்கொள்ளும். ஆனால் பிரேக் போடாமல் நெடுஞ்சாலையில் ஓடும்போதெல்லாம், ஒவ்வொரு சுற்றிலும் டிஸ்கின் துருத்திய இடம் மட்டும் பேடைத் தொட்டுத் தொட்டுப் போகிறது. ஒரு கிலோமீட்டருக்கு ஐந்நூறு முறைக்கு மேல். அந்த இடம் மட்டும் மெல்ல மெல்லத் தேய்ந்து, சில ஆயிரம் கிலோமீட்டரில் தடிமன் மாறிவிடுகிறது. நடுக்கம் பிறக்கிறது. டிஸ்கை மாற்றியவர் ஹப்பின் துருவைச் சுரண்டாமல் புதியதைப் பூட்டினால், அதே சாய்வில் புதிய டிஸ்க் உட்கார்ந்து, அதே நோயை அதே காலக் கெடுவில் வாங்கிக்கொள்ளும். குற்றவாளி ஹப்பில் இருக்கிறான், தண்டனை டிஸ்குக்கு.

இன்னொரு வழியும் உண்டு. மலை இறங்கி வந்து, டிஸ்க் நெருப்பாகக் காய்ந்திருக்கும்போது சிக்னலிலோ சுங்கச்சாவடியிலோ பிரேக்கை அழுத்தியபடியே நிற்கிறோம். பேடின் பொருள் அந்த இடத்தில் மட்டும் டிஸ்கில் ஒட்டிப் படிகிறது. சூடு மிகக் கடுமையாக இருந்தால், அத்தகைய இடங்களில் இரும்பின் உள் அமைப்பே மாறி, சிமென்டைட் என்ற மிகக் கடினமான சேர்மம் உருவாகிறது. சுற்றிலும் உள்ள இரும்பு தேய, அது மட்டும் தேயாமல் மேடாக நிற்கும். படிவு மட்டும் என்றால் சரியான முறையில் சிலமுறை பிரேக் போட்டுத் துடைத்து எடுத்துவிடலாம். சிமென்டைட் ஆழத்தில் வேர்விட்டிருக்கும். லேத்தில் சீவினாலும் மீண்டும் தலைகாட்டும். அந்த டிஸ்கை விட்டுவிடுவதுதான் நல்லது.

நடுக்கம் கையில் என்றால் முன் சக்கரம், இருக்கையில் என்றால் பின் சக்கரம் என்பது ஓரளவு சரியான நாட்டு வைத்தியம். பிரேக் தொடாமலே நடுங்கினால் டிஸ்கைப் பார்க்க வேண்டாம், வீல் பேலன்ஸைப் பாருங்கள். ஈரச் சாலையில் அழுத்தி அடிக்கும்போது பெடல் படபடவென்று காலை உதைத்தால் அது ஏ.பி.எஸ். தன் வேலையைச் செய்வது. அதற்காகவும் டிஸ்க் மாற்றிக் காசு கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

தடிமன் எவ்வளவு மீதமிருந்தாலும் மாற்றியே ஆக வேண்டிய நிலைகளும் உண்டு. மேற்பரப்பில் சிலந்தி வலை போல மெல்லிய வெப்பக் கீறல்கள் இருந்தால் கண்காணிக்கலாம். ஒரு கீறல் வெளி விளிம்பைத் தொட்டுவிட்டாலோ, நகத்தில் தட்டுப்படும் ஆழத்துக்கு வந்துவிட்டாலோ அந்த டிஸ்க் அன்றோடு முடிந்தது. நீல நிறம் ஏறியிருந்தால் எங்கோ அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது. டிஸ்கை மாற்றுவதோடு நிற்காமல், காலிப்பர் சிக்கிப் பேட் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பேட் முழுக்கத் தேய்ந்து அதன் இரும்புத் தகடு கரகரவென்று டிஸ்கை அறுத்தபடி சில நாள் ஓடியிருந்தால் பெரும்பாலும் டிஸ்கையும் காப்பாற்ற முடியாது. அதற்கு முன்பே எச்சரிப்பதற்காகத்தான் பல பேடுகளில் ஒரு சிறு உலோக நாக்கு வைத்து, கீச்சென்று கத்த விட்டிருக்கிறார்கள். பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவைத்து அதை மறைத்துவிடுகிறோம்.

துரு தனிக் கதை. மழையில் நனைந்த கார் காலையில் ஆரஞ்சு நிற டிஸ்கோடு நிற்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். வார்ப்பிரும்பு ஒரே இரவில் அப்படி ஆகும். தெருமுனை தாண்டுவதற்குள் பேட் துடைத்துவிடும். மாதக்கணக்கில் நின்ற கார்தான் ஆபத்து. 2020 ஊரடங்கில் நின்ற கார்களில், அதுவும் கடற்கரையோர ஊர்களில், பேட் இருந்த இடத்தின் அச்சு டிஸ்கில் அப்படியே பதிந்துபோனது உண்டு. குழி விழுந்த துரு பேடையும் தின்றுவிடும், நடுக்கத்தையும் கொண்டுவரும்.

லேத்தில் கொடுத்து டர்னிங் போட்டுப் பழைய டிஸ்கையே திரும்பப் பூட்டலாமா? தாராளமாக, சீவிய பிறகும் தடிமன் அடுத்த செட் பேட் தேயும்வரை எல்லைக்கு மேலேயே இருக்குமானால். எல்லைக்கு அரை மில்லிமீட்டர் மேலே இருக்கும் டிஸ்கைச் சீவுவது வீண் வேலை. இன்னொரு நிபந்தனையும் உண்டு: பொது லேத்தில் டிஸ்கைச் சரியாக மையம் பார்த்துப் பிடிக்காவிட்டால், இல்லாத சாய்வைக் கடைசல்காரரே உண்டாக்கிக் கொடுத்துவிடுவார். டிஸ்கைக் கழற்றாமல் காரிலேயே வைத்துச் சீவும் கருவி உள்ள இடங்களில் இந்தத் தொல்லை இல்லை, ஏனென்றால் ஹப்பின் குறையையும் சேர்த்தே அது சரிசெய்கிறது. சிறு கார்களுக்குப் புது டிஸ்கின் விலையும் டர்னிங் கூலியும் நெருங்கி வந்துவிட்டால், புதியதையே வாங்குவேன்.

மாற்றுவது என்று முடிவானால் ஒரே அச்சில் உள்ள இரண்டையும் மாற்ற வேண்டும். ஒன்று புதிதும் ஒன்று பழையதுமாக இருந்தால் கார் ஒரு பக்கம் இழுக்கும். பேடுகளும் புதிதாக வேண்டும். பழைய டிஸ்கின் மேடுபள்ளத்துக்கு ஏற்பத் தேய்ந்த பேட் புதிய தட்டில் முழுதாகப் படியாது. ஹப் முகத்தைப் பளபளவென்று துடைக்க வேண்டும். புது டிஸ்கில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய எண்ணெயைக் கிளீனர் ஊற்றிக் கழுவ வேண்டும். வீல் நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் மனம்போல் இறுக்காமல், குறுக்கும் நெடுக்குமான வரிசையில் டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். பிறகு வண்டியை எடுத்ததும், ஆளில்லாத சாலையில் 60 கி.மீ. வேகத்திலிருந்து 15 வரை மிதமாகக் குறைத்து, முழுதாக நிறுத்தாமல், இடையே ஆறவிட்டுச் சில முறை ஓட்டினால் பேடின் பொருள் டிஸ்கில் சீராகப் படியும். பிரேக் ஆயில் இரண்டு ஆண்டைத் தாண்டியிருந்தால் அதையும் மாற்றிவிடலாம். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் திரவம். டாட் 3 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்குக் கீழே கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. ஆயில் கொதித்து நீராவி உண்டானால் பெடல் தரைவரை போகும், பிரேக் பிடிக்காது. மலை இறக்கத்தில் பல விபத்துகள் நடப்பது இப்படித்தான். டிஸ்க் உடைந்து அல்ல.

ஓட்டை போட்ட டிஸ்க், கோடு வெட்டிய டிஸ்க் என்று அழகுக்காக விற்பனையாகின்றன. அன்றாடக் காருக்கு அவை தேவையில்லை. ஓட்டை, விரிசல் தொடங்கும் இடம்.

மின்கார்கள் வந்த பிறகு இந்தக் கதை தலைகீழாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது. அவற்றில் வேகம் குறையும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, இயக்க ஆற்றலின் ஒரு பகுதியைப் பேட்டரிக்குத் திருப்பிக் கொடுக்கிறது. பெட்ரோல் காரால் முடியாததை, மலை இறங்கும்போது உயரத்தைத் திரும்பச் சம்பாதிப்பதை, அது ஓரளவு செய்கிறது. டிஸ்குக்கு வேலை குறைகிறது. தேயாத டிஸ்க் துருப்பிடிக்கிறது. ஃபோக்ஸ்வாகன் தன் ஐ.டி.4 மின்காரின் பின் சக்கரங்களுக்குப் பழைய டிரம் பிரேக்கையே திரும்பக் கொண்டுவந்தது. மூடிய டிரம்முக்குள் மழைநீரும் புழுதியும் எளிதில் போகாது. இன்னொரு பக்கம், டிஸ்க் விடும் இரும்புத் தூளும் சட்டத்தின் கண்ணில் பட்டுவிட்டது. 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் நிறைவேற்றிய யூரோ 7 விதிகள், முதன்முறையாகப் புகைக்குழாயைத் தாண்டிப் பிரேக்குக்கும் எல்லை வைத்திருக்கின்றன. பெரும்பாலான கார்களுக்குக் கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம் துகள், முழு மின்கார்களுக்கு 3. டங்ஸ்டன் கார்பைடு பூசிய, எளிதில் தேயாத டிஸ்குகளை போர்ஷே 2017இலேயே விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. விலை குறைந்து சாதாரணக் காருக்கு அது வரும் நாளில் இந்த இரண்டு மில்லிமீட்டர் கணக்கையும் திருத்தி எழுத வேண்டியிருக்கும்.

அதுவரை, மின்கார் வைத்திருப்பவர்கள் வாரத்துக்கு ஒருமுறையாவது, பின்னால் வண்டி வராதபோது, பிரேக்கை அழுத்திப் பிடித்து டிஸ்கைத் துடைத்துவிடுங்கள். பெட்ரோல், டீசல் கார் வைத்திருப்பவர்கள், டிஸ்க் மாற்ற வேண்டும் என்று சர்வீஸ் சென்டரில் சொன்னால் இரண்டு எண்களைக் கேளுங்கள்: மைக்ரோமீட்டர் காட்டிய தடிமன் எவ்வளவு, டிஸ்கில் பொறித்த எல்லை எவ்வளவு. முதல் எண் பெரிதாக இருந்து, விரிசலும் ஆழத் துருவும் நடுக்கமும் இல்லை என்றால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளலாம். நடுக்கம் மட்டும் இருந்தால், டயல் கேஜ் வைத்து ஹப்பின் ஆட்டத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். முதல் எண் சிறிதாக இருந்தால் பேரம் பேசாமல் மாற்றிவிடுங்கள்.